வாய் மூடிய வாணிகம்

பொய் சொல்லிப் பொருள் பறித்தவனைப் புரட்டன் என்கிறோம். அவனுக்காகச் சட்டம் இருக்கிறது, சிறை இருக்கிறது. ஆனால், சொல்ல வேண்டிய மெய்யைச் சொல்லாமல் நாவை மடக்கிக்கொண்டு, எதிரே நிற்பவனின் அறியாமையையே முதலாகப் போட்டுப் பொருள் குவிப்பவனை என்ன பெயரிட்டு அழைப்பது? கெட்டிக்காரன் என்கிறது கடைவீதி. குற்றமற்றவன் என்கிறது சட்டப் புத்தகம். வளர்ச்சியின் தூதுவன் என்கிறது தில்லி. ஏமாந்தவன் மட்டும் எப்பெயரும் இடமாட்டாமல் தன் வரப்பின்மேல் நின்று விழிக்கிறான்.

தோழர்களே! இந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண்ணில் இந்த மௌனம் நடத்திய வாணிகத்தை நாடே ஒரு முறை கண்டது. கண்டதை நாடு மறந்தாலும் நாம் மறத்தல் ஆகாது.

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 15. தில்லியில் மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு கூடியது. நாடு முழுவதிலும் 31 ஒப்பந்தப் பகுதிகளை, 44 எண்ணெய், எரிவாயு வயல்களை, நிறுவனங்களுக்கு ஒப்படைக்க இசைவு தந்தது. அவற்றுள் ஒன்றன் பெயர் நெடுவாசல். ஆலங்குடிக்குக் கிழக்கே, பலாவும் வாழையும் தென்னையும் நெல்லும் கடலையும் விளையும் மண். ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி, மலர் பறித்துக் கீரமங்கலத்துச் சந்தைக்கு அனுப்பி, மானம் குன்றாமல் பிழைக்கும் மக்களின் ஊர். 'வயல்' என்றால் அவர்களுக்கு நாற்று நடும் நிலம். தில்லியின் ஏட்டிலோ 'வயல்' என்றால் எண்ணெய் உறங்கும் பாறை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்; ஒரே நிலத்துக்கு இரண்டு கணக்கு. ஒரு கணக்கு ஒருவருக்குத் தெரியும்; மற்றவருக்குத் தெரியாது. வாணிகம் முடிந்தது!

மறுநாள் பிப்ரவரி 16. நெடுவாசல் மக்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், ஏறுதழுவலுக்காக அதற்கு முந்திய மாதம் வீதிக்கு வந்திருந்த மாணவர்கள் ஊர் ஊராக வந்தார்கள். வடகாட்டிலும் நல்லாண்டார்கொல்லையிலும் பந்தல்கள் எழுந்தன. மார்ச் 9-இல் நெடுவாசலில் போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த மார்ச் மாதம் முடியுமுன், 27-ஆம் நாள், தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 12-இல் மக்கள் மீண்டும் பந்தலுக்குத் திரும்பினர்.

அந்தப் பந்தலில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் ஆய்வுக் கிணறுகளுக்கு நிலம் குத்தகைக்குக் கேட்கப்பட்டபோது, மண்ணெண்ணெய் எடுக்கப்போவதாகத்தான் தம்மிடம் சொல்லப்பட்டது என்றனர். எடுக்கப்போவது முழுதும் என்ன, எத்தனை ஆண்டுகள், தோண்டியபின் நிலத்தடி நீருக்கு யார் பொறுப்பு, நாளை இந்த உரிமை யார் கைக்குப் போகும் என்பவற்றையெல்லாம் எவரும் தமக்கு விளக்கவில்லை என்றனர். கொடுத்த நிலம் தங்களுடையது. அதன் கீழ் நடக்கவிருந்தது மட்டும் தங்களுக்கு அந்நியமாக வைக்கப்பட்டது என்றனர்.

விளக்கங்கள் வந்தன, வராமலில்லை! 'ஹைட்ரோகார்பன் என்றால் அஞ்சற்க; அது எண்ணெயும் எரிவாயுவும்தான்' என்று துறையினர் சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? இசைவு தந்த பின்னர். பந்தல் எழுந்த பின்னர். செய்தியாளர் வந்த பின்னர். வாங்குகிற அன்று மூடியிருந்த வாய், வழக்கு வந்த அன்று திறந்தது. அந்தச் சொல்லையாவது பாருங்கள். 2016 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த புதிய கொள்கை, மரபான எண்ணெயையும் எரிவாயுவையும், நிலக்கரிப் படுகை மீத்தேனையும், ஷேல் வாயுவையும் ஒரே உரிமத்துக்குள் அடக்கியது. சிறு வயல்களுக்கான ஏலமும் அதே ஒற்றை உரிமத்தின் வழியே நடந்தது. நான்கு பொருளை ஒரு சொல்லால் மூடி ஏலம் விடுவது அலுவலருக்கு வசதி. அந்தச் சொல்லின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஆலங்குடி உழவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்?

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். அத்திட்டம் நிலத்துக்குத் தீங்கானதா, நாட்டுக்கு நலமானதா என்பது தனி வழக்கு. அதற்கு விஞ்ஞானிகள் உண்டு, வேறு மேடைகள் உண்டு. இன்று நாம் தொடுக்கும் வழக்கு அதற்கும் முந்தியது. நலமானது என்றே வைத்துக்கொள்வோம். நலமானதை ஏன் மறைக்க வேண்டும்? நல்ல பண்டத்தைத் துணி போட்டு மூடி விற்பவன் எவன்?

'நாங்கள் பொய் சொல்லவில்லையே! அவர்கள் கேட்கவில்லை; நாங்கள் சொல்லவில்லை; அவ்வளவுதானே!' என்கிறார்கள். புது வாதம் என்று எண்ண வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

ரோம நாட்டுச் சிசரோ, கி.மு. 44-இல் தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கை எடுத்து வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். தனக்குப் பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் அதே தீவை நோக்கி வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்லாவிட்டால் பசித்தவன் கேட்ட விலையைத் தருவான். சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

தியோகெனஸ் என்ற அறிஞர், 'சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. சட்டம் கேட்டதைச் சொன்னால் போதும்' என்றார். அவருடைய மாணவர் அந்திபாத்தர், 'விற்பவன் அறிந்த எதையும் வாங்குபவன் அறியாதிருத்தல் கூடாது. நீ சமூகத்துக்குப் பிறந்தவன், உன் நலமும் ஊர் நலமும் ஒன்று' என்று ஆசிரியரையே மறுத்தார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். உன் இலாபத்துக்காக, பிறனுக்குத் தெரிந்தால் பயன்படும் ஒன்றை அவன் அறியாதிருக்கச் செய்தால், அதற்குப் பெயர்தான் மறைத்தல் என்பது அவர் தீர்ப்பின் சாரம். அடிமைகளை வைத்திருந்த நாட்டில் வாழ்ந்த ஒருவருக்குத் தோன்றிய நேர்மை, குடியரசு என்று பறைசாற்றும் நாட்டின் பெட்ரோலியத் துறைக்குத் தோன்றவில்லை!

தியோகெனசின் கட்சி தோற்றுவிட்டதா? இல்லை. அது கப்பலேறி அமெரிக்கா போயிற்று. 1815-ஆம் ஆண்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரம். இங்கிலாந்தோடு நடந்த போரால் துறைமுகம் முடங்கிப் புகையிலை விலை வீழ்ந்து கிடந்தது. சமாதான உடன்படிக்கை ஆகிவிட்ட செய்தி, பிப்ரவரி 19 காலையில் ஊருக்குப் பரவுமுன், ஆர்கன் என்ற வணிகனுக்கு எட்டியது. கதிர் எழுந்தவுடன் அவன் போய் 111 பெரும் பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசி முடித்தான். 'விலையைக் கூட்டும் செய்தி ஏதேனும் உண்டா?' என்று விற்றவர் தரப்பில் கேட்கவும் கேட்டார்கள். அவன் வாய் திறக்கவில்லை. செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1817-இல் தலைமை நீதிபதி மார்ஷல், அந்தச் செய்தியைச் சொல்லும் கடமை வாங்குபவனுக்கு இல்லை என்றார். ஏமாற்று ஏதும் நடந்ததா என்பதை மட்டும் நடுவர்கள் மறுபடி ஆராயட்டும் என்று திருப்பி அனுப்பினார்.

அதே எண்ணந்தான் நம் நாட்டிலும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையர் ஆட்சி 1872-இல் இயற்றிய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்னவென்று சொல்கிறது. சொல்லிவிட்டு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்று விளக்கமும் தருகிறது. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான், நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மோசடி அன்று! இரண்டு வணிகர் ஒப்பந்தம் செய்கிறார்கள். விலை மாறப்போகும் செய்தி ஒருவனுக்கு மட்டும் இரகசியமாகத் தெரியும். மற்றவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன்! இவை நம் கற்பனை அல்ல, தோழர்களே. சட்டமே தரும் எடுத்துக்காட்டுகள்.

ஆனால், அதே பிரிவில் இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. குதிரையை வாங்குபவள், விற்பவனுடைய அப்போதுதான் உரிய வயதை எட்டிய மகளாக இருந்தால்? அப்போது, தந்தை மகள் என்ற உறவு காரணமாக, குதிரையின் குறையைச் சொல்வது அவன் கடமை என்கிறது சட்டம். நன்று! நம்பிக்கை உள்ள உறவில் மௌனம் குற்றம் என்பதை 1872-ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் கேட்கிறோம்: அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவு எது? குதிரை வியாபாரிக்கும் வழிப்போக்கனுக்கும் உள்ள உறவா? வரி வாங்கும்போது 'நம் அரசு' என்றும், வாக்குக் கேட்கும்போது 'உங்கள் பிள்ளைகள்' என்றும் சொல்லிவிட்டு, நிலத்தை வாங்கும்போது மட்டும் சந்தையில் எதிர்ப்பட்ட அந்நியனாக மாறிவிடுவது எந்த அறம்?

இனிக் குத்தகைக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு ஒரு நல்ல கடமையைக் குத்தகைக்கு எடுப்பவன் தலையில் வைக்கிறது. தான் எடுக்கப்போகும் உரிமையின் மதிப்பைப் பெரிதும் உயர்த்தக்கூடிய உண்மை தனக்குத் தெரிந்து, நிலத்துக்காரனுக்குத் தெரியாதிருந்தால், அதை அவன் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில் இது விதி. பாதி நீதி இது. மறுபாதி எங்கே? மதிப்பை உயர்த்தும் செய்தியைச் சொல்ல வேண்டும். அந்தக் குத்தகையால் நிலத்துக்கும் நீருக்கும் அண்டை வயலுக்கும் வரக்கூடியதைச் சொல்ல வேண்டும் என்று அந்த வரி பேசவில்லை. தங்கம் இருந்தால் தெரிவி. தணல் இருந்தால் வாய் மூடு என்பதா நீதி?

ஏழைக்கு மௌனத்தை விதித்த இந்த நாடு, செல்வர்க்கு என்ன விதித்திருக்கிறது என்று பாருங்கள். பம்பாய்ப் பங்குச் சந்தைக்கு வாருங்கள். ஒரு நிறுவனத்தின் உள்ளே இருப்பவர், வெளியே அறிவிக்கப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை வைத்துக்கொண்டு பங்கு வாங்கினால், விற்றால், அது குற்றம். 1992-ஆம் ஆண்டின் 'செபி' சட்டம் அதற்கு 25 கோடி ரூபாய், அல்லது அடைந்த இலாபத்தின் மும்மடங்கு, இவற்றுள் எது பெரிதோ அதுவரை தண்டம் விதிக்க வழி செய்தது. 2015-இல் அதற்கெனத் தனி விதிகளும் வந்தன. நல்ல சட்டம், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஒரு தாள் துண்டைக் கைமாற்றுகிறபோது இரகசியச் செய்தியைப் பயன்படுத்துவது குற்றமென்றால், ஒரு குடும்பத்தின் தலைமுறை நிலத்தைக் கைமாற்றுகிறபோது அது எப்படிச் சாமர்த்தியம் ஆகும்? பங்கு வைத்திருப்பவன் அறிய வேண்டும். பலா வைத்திருப்பவன் அறிய வேண்டியதில்லை! முதலாளிக்கு முதலாளி ஏமாறினால் நாட்டின் நாணயம் போய்விடும். உழவன் ஏமாந்தால் நாட்டுக்கு நட்டமில்லை! இதுதான் இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

நேர்மையோடு ஒரு மறுப்பையும் எதிர்கொள்வோம். 'அறிவும் உழைப்பின் பயன்தானே? மழை வருமா, கடலை விலை ஏறுமா என்று ஊர் ஊராக அலைந்து கணித்து வைத்திருப்பவன், அந்தக் கணிப்பை எல்லோருக்கும் இலவசமாக வாரி வழங்கினால், நாளை எவன் கணிக்க முன்வருவான்?' என்று கேட்பார் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. தன் திறமையால் கணித்ததைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் வணிகனோடு நமக்குச் சண்டை இல்லை. இரண்டு வணிகர், இரண்டு தராசு, இரண்டு செய்தித்தாள், ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான், போகட்டும். ஆனால், விலை நாளை என்ன ஆகும் என்ற கணிப்பு வேறு. விற்கப்படும் பொருள் இன்று என்ன என்ற உண்மை வேறு. பேரம் முடிந்தபின் எதிராளியின் கிணற்றுக்கும் பயிருக்கும் என்ன நேரும் என்ற உண்மை, முற்றிலும் வேறு. முன்னதை மறைப்பவன் தன் அறிவைக் காக்கிறான். பின்னதை மறைப்பவன் பிறன் உரிமையைக் களவாடுகிறான்.

'உழவன் மட்டும் மறைப்பதில்லையா? முட்டுகிற மாட்டைச் சாது என்று சந்தையில் விற்றவன் இல்லையா?' என்றும் கேட்பர். உண்டு, அவன் செய்ததும் தவறே. ஆனாலும் மாடு கண்முன் நிற்கிறது. வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், நாலு பேரைக் கேட்கலாம். பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் உள்ள பாறையின் பல்லை எந்த உழவன் பிடித்துப் பார்ப்பான்? நில அதிர்வு ஆய்வின் வரைபடம் நிறுவனத்தின் பெட்டியில், ஏல ஆவணம் ஆங்கிலத்தில், ஒப்பந்தம் தில்லியில். 'விசாரித்துக்கொள்வது வாங்குபவன் பொறுப்பு, விற்பவன் பொறுப்பு' என்று இவனிடம் சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டுப் பாதையைப் பார்த்து நட என்பதற்குச் சமம்.

தமிழன் வாணிகம் அறியாதவன் அல்லன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமலும், பண்டத்தின் விலையை வெளிப்படச் சொல்லி விற்றவர் என்று அவர்களைப் போற்றுகிறது. வெளிப்படச் சொல்லி! அதுவே அவர்களின் பெருமையாக நின்றது. பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணுவதுதான் வாணிகம் செய்வார்க்கு வாணிகம் என்று வள்ளுவர் வரையறுத்தார். அதை அவர் வைத்த இடமும் நடுவு நிலைமை அதிகாரம். இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர், மணிக்கிராமத்து வணிகர்களின் பெயரைக் கல்லில் தாங்கிய ஊர். கொடையையும் உடன்படிக்கையையும் ஊரறியக் கல்லில் வெட்டி வைத்தது அக்காலம். நிலத்தின் தலைவிதியை நிலத்துக்காரன் படிக்க முடியாத ஏட்டில் எழுதி வைத்தது இக்காலம்.

மௌனம் இயற்கையின் விதி அன்று. அதை உடைத்த வரலாறும் நமக்கு உண்டு. துண்டை மேலே போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நம் சந்தைகள் நன்கறியும். விரல் பேசும், வாய் பேசாது, பொருளுக்கு உரியவன் பக்கத்தில் நின்று துண்டைப் பார்ப்பான். 1928-இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன், ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. 1933-இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியது. எடை வெளிப்பட்டது, ஏலம் வெளிப்பட்டது, விலை பலகைக்கு வந்தது. 1999 நவம்பர் 14-இல் கலைஞர் அவர்கள் மதுரையில் உழவர் சந்தையைத் தொடங்கி வைத்தார். அன்றன்று காலை விலை பலகையில் எழுதப்பட்டது. விளைவித்தவனும் அதைப் படித்தான், வாங்குகிறவளும் படித்தாள். 2020-இல் தில்லி கொண்டுவந்த வேளாண் சட்டங்களுள் ஒன்று, சந்தைக் குழுவின் மேற்பார்வைக்கு வெளியே எவரும் எங்கும் விளைபொருளை வாங்கலாம் என்றபோது, உழவர் அஞ்சியது அந்தப் பழைய துண்டு மீண்டும் விரிக்கப்படுகிறது என்பதற்காகத்தான். ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின், 2021 நவம்பரில், நாடாளுமன்றம் அச்சட்டங்களைத் திரும்பப் பெற்றது.

தகவல் அறியும் உரிமையிலும் தமிழகம் முந்தி நின்றது. 1997-இலேயே தனிச் சட்டம் செய்த மாநிலம் இது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும், அவற்றுக்குரிய எல்லா விவரங்களையும் அரசே வெளியிட வேண்டும் என்கிறது. கேட்டபின் அல்ல, கேளாமலே! அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவோ, வணிக நம்பிக்கை, வணிக இரகசியம் என்று சொல்லி, வெளியிட்டால் போட்டியில் பாதிப்பு வரும் விவரங்களுக்கு விலக்குத் தருகிறது. பெரிய பொதுநலன் இருந்தால் மட்டுமே கதவு திறக்கும். முன்வாசலில் உரிமை; பின்வாசலில் மௌனம். எந்த வாசல் பெரியது என்பதை நெடுவாசல் காட்டிவிட்டது.

மக்கள் விழித்தபின் மௌனம் கலைந்ததா? சட்டமாகவே தடித்தது! 2020 ஜனவரி 16-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தியது. எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குத் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டியதில்லை என்றாயிற்று. முன்பு சொல்லாமல் விட்டார்கள். இனிச் சொல்லத் தேவையே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். மறைத்தல் என்ற குற்றத்தை ஒழிக்க இதைவிட எளிய வழி உண்டா? சொல்லும் கடமையையே ஒழித்துவிட்டால் போயிற்று!

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. காவிரிப் படுகை மாவட்டங்களோடு, புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் அதில் அடங்கின. முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை என்றாலும், புதியவற்றுக்கு வேலி போட்டது. அந்த வேலிக்குப் பின்னரும், 2021 ஜூன் 10-இல் தில்லி மறுபடியும் ஏல மணி அடித்தது. இம்முறை கருக்காக்குறிச்சி வடதெருவின் பெயரால், 463 சதுர கிலோமீட்டர்! அவ்வாண்டு மே மாதம் முதலமைச்சர் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் அவர்கள், மூன்று நாள் கழித்து, ஜூன் 13-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதி, அப்பகுதியை ஏலத்திலிருந்து நீக்கக் கோரினார். ஊர்ப் பெயர் ஏலப் பட்டியலில் ஏறிய பின்னரே ஊர் அறிகிறது. பெண்ணுக்குத் தெரியாமல் நிச்சயதார்த்தம். நிலத்துக்குத் தெரியாமல் ஏலம்!

ஆகவே, நம் கோரிக்கை என்ன? வளர்ச்சியை நிறுத்து என்பதன்று. வாயைத் திற என்பது. ஒன்று: நிலத்தைக் குத்தகைக்கோ விலைக்கோ கேட்கும் அரசும் நிறுவனமும், அங்கே எடுக்கப்போவது எது, எத்தனை ஆண்டு, எவ்வளவு நீர், என்ன கழிவு, உரிமை பிறருக்கு மாற்றப்படுமா என்பவற்றைத் தமிழில் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் கேட்க வேண்டும். இரண்டு: ஆய்வுப் பணிகளுக்கும் மக்கள் கருத்துக் கேட்பு மீட்கப்பட வேண்டும். மூன்று: 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குதிரைச் சந்தை நியாயம் அரசுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் பொருந்தாது என்று திருத்தம் வேண்டும். அறிவில் மிக்கவன் அறியாதவனோடு ஒப்பந்தம் செய்யும்போது, முக்கிய உண்மையை மறைத்திருந்தால், அந்த ஒப்பந்தத்தை உழவன் கைவிட உரிமை வேண்டும்.

இந்த அளவுகோலை எதிரிக்கு மட்டும் வைத்து, நமக்கு வேறொன்று வைத்துக்கொள்வோமானால், நம் பேச்சு செல்லாக் காசாகிவிடும். ஆட்சி எவருடையதாயினும், கல்குவாரி ஏலமானாலும், கண்மாய் மீன் ஏலமானாலும், சாலைக்கு நிலம் எடுப்பதானாலும், அது ஊருக்குத் தெரியாமல் நடந்தால் முதலில் குரல் எழுப்ப வேண்டியவன் நம் கிளைச் செயலாளன். 'நம்மவர் செய்தது' என்று அவன் வாய் மூடுவானானால், அவனும் அந்த மௌன வாணிகத்தில் பங்குதாரன் ஆகிறான்.

தோழர்களே! கொடி கட்டுவதும் சுவரெழுத்து எழுதுவதும் நம் வேலைதான். அவற்றோடு இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் உழவரின் கையில் ஒரு குத்தகைத் தாள் வந்தால், அவர் பெருவிரலை மையில் வைக்குமுன், அருகில் அமர்ந்து அதை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். புரியாத வரி வந்தால், புரியும்வரை கையொப்பம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றாட விலையைக் கிளை அலுவலகப் பலகையில் காலையிலேயே எழுதி வையுங்கள். ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடும்போது, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுக் கலையாமல், நம் ஊர் நிலத்தின் பெயரில் எங்கேனும் ஏலம் இருக்கிறதா, இருந்தால் அதன் முழு விவரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலை ஊர் மந்தையில் ஒட்டுங்கள்.

நெடுவாசலில் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் புதிதாக ஒரு கிணறும் தோண்டவில்லை. அதைத் தடுத்தது நீதிமன்றத்துத் தீர்ப்பன்று. அறிந்த மக்கள் எழுந்து நின்றதே. அறியாதிருந்த நாளில் அவர்கள் நிலத்தைத் தந்தார்கள். அறிந்த நாளில் ஒரு பிடி மண்ணையும் தர மறுத்தார்கள். அறிந்தபின் மறுப்பார்கள் என்று தெரிந்துதானே முதலில் சொல்லவில்லை! அந்த ஒன்றே போதும், அந்த மௌனம் களவு என்பதற்குச் சான்று. இனி எந்த ஏலத்துக்கு முன்னும் எங்கள் ஊர் மந்தைக்கு வந்து, எங்கள் மொழியில், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, தருவதா மறுப்பதா என்பதை நாங்கள் சொல்கிறோம்.